யாருக்காக இந்த விருந்து? முதியோர் இல்லங்களில் பெருகிவரும் உபயச் சோறு

பண்டிகை நாள்கள் நெருங்கும்போதெல்லாம் நமது முதியோர் இல்லங்களின் தொலைபேசிகள் ஓயாது ஒலிக்கின்றன. தீபாவளி மதிய போசனம் ஏற்கெனவே போய்விட்டதா, நத்தார் இரவு உணவு இன்னும் இருக்கிறதா, தைப்பொங்கலுக்குக் காலை உணவு மட்டுமாவது கிடைக்குமா என்று ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் கேட்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு உபயம் பதிவது போலவே இதுவும் நடைபெறுகிறது. திருவிழாவில் சுவாமிக்குப் பசிப்பதில்லை. யார், எப்போது, எதைப் படைத்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கோ பசிக்கும், கோபம் வரும், வெட்கம் வரும், சில உணவுகள் ஒத்துக்கொள்ளாது. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிட்டோம் என்பதே எனது குற்றச்சாட்டு.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியோருக்குப் பண்டிகை விருந்து கொடுக்க விரும்புகிறவர், இயன்றால் தமது கையால் சமைத்து, அவர்களோடு உட்கார்ந்து உண்ண வேண்டும். இயலாவிட்டால், அந்தப் பணத்தை அவர்களுக்குத் தேவையான ஒரு நாளுக்கு, தேவையான ஒரு பொருளுக்கு, படம் கேட்காமல் கொடுக்க வேண்டும். இரண்டும் செய்யாமல், பணத்தைக் கட்டிப் பதாகையைத் தொங்கவிடும் வழக்கத்தைத் தருமம் என்று அழைக்க என்னால் முடியவில்லை.

பத்திரிகை ஆசிரியபீடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். பிரதேச நிருபர்கள் அனுப்பும் படங்களுக்குக் குறிப்பு எழுதுவதும் எனது வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்தக் குறிப்பின் வடிவம் வாசகர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இன்னாரின் பிறந்தநாளை முன்னிட்டு, இன்ன நாட்டில் வதியும் இன்னாரின் நிதியுதவியில், இன்ன இல்லத்தில் மதிய போசனம் வழங்கப்பட்டது. படத்தில் இன்னார் உணவுப் பொதி வழங்குவதையும் அருகில் இன்னார் நிற்பதையும் காணலாம். இந்த வசனத்தில் கொடுத்தவருக்குப் பெயர் உண்டு, பக்கத்தில் நின்றவருக்கும் பெயர் உண்டு. வாங்கியவருக்கு மட்டும் பெயர் கிடையாது. ஒரு காலத்தில் ஆசிரியராகவோ தபாலதிபராகவோ தாதியாகவோ நெசவாளியாகவோ வாழ்ந்த ஒருவர், அந்தப் படத்தில் நீட்டிய இரண்டு கைகளாக மட்டுமே எஞ்சுகிறார். முன்பு இந்தப் படங்கள் ஒரு நாள் பத்திரிகையோடு போயின. இப்போது முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் உலகெங்கும் சுற்றுகின்றன. அந்த முதியவரின் மருமகளின் உறவினர்கள், பழைய மாணவர்கள், ஊரார் எல்லோரும் பார்க்கிறார்கள். தம்மைப் படம் பிடிக்கலாமா என்று அவரிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டாலும், தட்டை எதிரில் வைத்துக்கொண்டு அவரால் மறுக்க முடியுமா?

அடுத்தது நாள்காட்டிப் பிரச்சினை. தீபாவளியன்று ஒரே இல்லத்துக்கு மூன்று இடங்களிலிருந்து உணவு வந்து சேர்வதை நான் கண்டிருக்கிறேன். ஒருவர் புரியாணி, ஒருவர் சோறும் ஏழு கறியும், ஒருவர் கேக்கும் ஐஸ்கிறீமும். எந்த உபயகாரரையும் மனம் நோகச் செய்ய நிர்வாகத்தால் முடியாது. ஆகவே மூன்றும் பரிமாறப்படும், மூன்றும் படம் பிடிக்கப்படும், பெரும்பகுதி பின்வாசல் வழியாக வெளியே போகும். நான்கு நாள் கழித்து வரும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் பருப்பும் ஒரு கீரையும்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறந்தநாளும் இல்லை, நினைவுநாளும் இல்லை, உபயகாரரும் இல்லை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, இத்தகைய செவ்வாய்க்கிழமைகளைக் கடப்பது எத்தனை கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பசி பண்டிகை பார்த்து வருவதில்லை.

மூன்றாவது, உணவு. விருந்து என்றதும் உபயகாரரின் மனத்தில் தோன்றுவது தமக்குப் பிடித்த உணவு. எண்ணெய் மிதக்கும் புரியாணியும் பொரித்த கோழியும் சிவப்புச் சாயமிட்ட இனிப்பும் நாற்பது வயதுக்காரரின் விருந்து. எழுபத்தைந்து வயதில் பற்கள் போயிருக்கும். இருக்கும் செயற்கைப் பற்களும் சரியாகப் பொருந்தாமல் இருக்கும். உமிழ்நீர் குறைவதால் உலர்ந்த சோறு தொண்டையில் அடைக்கும். நாக்கின் சுவையுணர்வும் மூக்கின் மணவுணர்வும் மங்குவதால் உப்பைக் கூட்டத் தோன்றும். உப்பைக் கூட்டினால் குருதி அமுக்கம் ஏறும். இளையவரைவிட முதியவருக்குத் தசை விரைவாகத் தேய்வதால் புரதம் கூடுதலாகத் தேவை. அதாவது பருப்பு, பயறு, மீன், முட்டை, தயிர் போன்றவை மென்மையாகச் சமைத்துக் கிடைக்க வேண்டும். நாம் கொடுப்பதோ ஒரு மலை சோறும் ஒரு துண்டு கேக்கும். அந்தக் கேக்கை வெட்டுவதற்காக நீரிழிவுக்காரர் ஒருவரையே மேசைக்கு அழைத்து, அவர் வாயில் ஊட்டுவது போலப் படம் எடுக்கும் கொடுமையும் நடக்கிறது.

நேரமும் அப்படியே. ஓர் இல்லத்தில் பன்னிரண்டு மணிக்கு வழக்கமாக உண்பவர்களை, பிரதம விருந்தினர் வரவில்லை என்பதற்காக இரண்டு மணி கடந்தும் மேசையில் காத்திருக்க வைத்ததை நான் நேரில் கண்டேன். காலையில் இன்சுலின் ஏற்றிய ஒருவர் நேரத்துக்கு உண்ணாவிட்டால் குருதியில் சீனி குறைந்து மயங்கி விழக்கூடும் என்பதை மங்கள விளக்கு ஏற்றக் காத்திருந்தவர்களில் எவரும் நினைக்கவில்லை. அதிகாலையில் வேறிடத்தில் சமைத்துப் பொதிகட்டிய சோறு அதுவரை வாகனத்தில் வெந்துகொண்டிருந்தது. சமைத்த சோற்றை வெப்பத்தில் பல மணிநேரம் வைத்திருந்தால் அதில் நுண்ணங்கிகள் பெருகி வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும் என்பது எந்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சொல்லும் பாடம். இளைஞருக்கு ஒரு நாள் வயிற்றோட்டம் தொந்தரவு. எண்பது வயதுக்காரருக்கு அது உயிராபத்து.

இனி, கையால் சமைப்பது பற்றி. நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, யாழ்ப்பாணத்து இல்லமொன்றில் ஒரு பண்டிகை நாளில் சமைத்துக் கொடுக்க முன்வந்தோம். தைப்பொங்கலையும் சித்திரைப் புத்தாண்டையும் கேட்டபோது, இரண்டும் பல மாதங்களுக்கு முன்பே போய்விட்டன என்றார்கள். ஆடிப்பிறப்பு எவரும் கேட்காமல் கிடந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாடலால் ஒவ்வொரு யாழ்ப்பாணக் குழந்தையும் அறிந்திருந்த அந்தப் பண்டிகை, உபயகாரர்களின் நாள்காட்டியில் இல்லை. அதையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். 2025 யூலையில் அது நடந்தது.

முதல்நாள் மாலை போய், என்ன சமைக்கலாம் என்று அங்குள்ளவர்களிடமே கேட்டோம். இந்தக் கேள்வியை நெடுங்காலமாக எவரும் அவர்களிடம் கேட்டதில்லை என்பது அவர்களின் தயக்கத்திலிருந்து தெரிந்தது. எதென்றாலும் பரவாயில்லை என்றே பலரும் தொடங்கினார்கள். கால்மணி நேரத்தில் அந்த மண்டபம் ஒரு விவாத அரங்காகிவிட்டது. கூழுக்குப் பயற்றை வறுத்துப் போடுவதா வறுக்காமல் போடுவதா, மிளகு சேர்ப்பதா இல்லையா, தேங்காய்ச் சொட்டு எத்தனை சிறிதாக இருக்க வேண்டும் என்பதில் வடமராட்சிக்கும் தீவகத்துக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆதரவற்றோர் என்று நாம் பெயரிட்டிருப்பவர்களுக்கு இவ்வளவு அறிவும் இவ்வளவு அபிப்பிராயமும் இருந்தன.

மறுநாள் காலை குசினியில் இறங்கினோம். நாற்பத்தாறு பேருக்கு ஆளுக்கு நூறு கிராம் வீதம் ஐந்து கிலோ குத்தரிசி போதுமாயிற்று. முதியவர்கள் அதற்கு மேல் உண்பதில்லை. குழைய வேகவைத்த பருப்பு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு, முள்ளில்லாமல் உதிர்த்த மீன், சொதி. மாலைக்கு ஆடிக்கூழும் கொழுக்கட்டையும். நீரிழிவுக்காரருக்குப் பனங்கட்டி குறைத்துத் தனியாக ஒரு பானை. ஆளுக்கு எவ்வளவு என்பதை இல்லத்துத் தாதியே தீர்மானித்தார். முருங்கையிலையை நாங்கள் உருவிக்கொண்டிருந்த முறையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் எழுந்து வந்து, "தம்பி, இஞ்ச கொண்டாங்கோ. எங்கட கை என்ன செத்தே போச்சு?" என்று சுளகைப் பறித்துக்கொண்டார். அதன் பிறகு பன்னிரண்டு பேர் சுற்றி அமர்ந்தார்கள். ஒருவர் கொழுக்கட்டைக்கு மாவைத் தட்டினார். கைநடுக்கம் உள்ள ஐயா ஒருவர் வேலை செய்ய முடியாதென்று, அடுப்புக்கு அருகில் கதிரையைப் போட்டுக்கொண்டு உப்பைப் பற்றி எங்களைக் கண்டித்துக்கொண்டிருந்தார். பலாவிலையைக் கோலிக் கூழ் குடிப்பது எப்படி என்று எங்களில் இளையவருக்கு அவரே சொல்லிக்கொடுத்தார்.

அன்று நான் விளங்கிக்கொண்டது இதுதான். அந்த இல்லத்தில் பற்றாக்குறையாக இருந்தது சோறு அன்று. வேலை பற்றாக்குறையாக இருந்தது. தம்மிடம் எவராவது எதையாவது கேட்பது பற்றாக்குறையாக இருந்தது. அறுபது ஆண்டுகள் பிறருக்குச் சமைத்துப் போட்ட ஒரு பெண்ணை நாள்தோறும் வரிசையில் நிறுத்திச் சோறு வாங்க வைப்பதைவிட அவரைச் சிறுமைப்படுத்த வேறு வழி தேவையில்லை. பணம் அனுப்பியிருந்தால் அன்று அவர்களுக்கு ஒரு வேளை உணவு கிடைத்திருக்கும். கை கொண்டு போனதால் ஒரு நாள் கிடைத்தது.

இது ஏதோ மேலைநாட்டுத் தொண்டர் நாகரிகம் என்று எண்ணுவோர் நமது மரபைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். மணிமேகலை மணிபல்லவத்தில் அமுதசுரபியைப் பெற்றாள் என்பது காப்பியம். அந்த மணிபல்லவம் நயினாதீவே என்பது நம்மிடையே நிலவும் நம்பிக்கை. அவள் அந்தப் பாத்திரத்தை ஏந்தித் தானே தெருவில் இறங்கி, காணார், கேளார், முடவர், பேணுநர் இல்லாதவர் ஆகியோருக்குத் தன் கையால் சோறிட்டாள். ஆளை வைத்து அனுப்பவில்லை. 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் இருப்பது, அதற்கு விறகிடும் கைகள் தொடர்ந்து இருந்ததால்தான். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியானுக்கு அன்னதானக் கந்தன் என்று பெயர். அங்குள்ள மடங்களில் காய்கறி வெட்டுவோரும் கிடாரம் கழுவுவோரும் இல்லாமல் அந்தப் பெயர் நிலைத்திருக்க முடியாது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் பெருஞ்செல்வந்தரும் நிலத்தில் அமர்ந்து வெங்காயம் உரிக்கிறார்.

நமது நாட்டில் வழங்கும் ஒரு சொல்லும் உண்டு. சிரமதானம். 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தமது மாணவர்களைக் கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று, அம்மக்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு உழைத்ததிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. 2024இல் அவர் மறைந்தார். அந்த மாணவர்கள் பணம் சேர்த்து அனுப்பியிருந்தால் ஒரு கிணறு வெட்டப்பட்டிருக்கும். ஓர் இயக்கம் பிறந்திராது. அன்னதானம் செய்வதில் நமக்கு ஈடில்லை. அதிலிருந்து சிரமதானத்தைக் கழற்றிவிட்டோம் என்பதே வருத்தம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன்.

பணம் வராவிட்டால் இல்லங்கள் எப்படி இயங்கும் என்பார்கள். நியாயமான கேள்வி. பணத்தை நிறுத்துமாறு நான் கோரவில்லை. அதை விருந்தில் மட்டும் கொட்டாதீர்கள் என்கிறேன். இல்லங்களின் பெரும் தேவை பணியாளர் சம்பளம், மின்கட்டணம், மருந்து, மூக்குக் கண்ணாடி, செயற்கைப் பற்கள், வழுக்காத குளியலறைத் தரை, இரவில் எழுந்து போவதற்குச் சுவரோரக் கைபிடி. இவற்றைப் படம் எடுத்தால் அழகாக இராது. ஆகவே உபயகாரர் கிடைப்பதில்லை.

படம் கணக்குக் காட்டுவதற்கே என்பார்கள். கணக்குக்குப் பற்றுச்சீட்டு உண்டு, வங்கிக் கூற்று உண்டு, கணக்காய்வு உண்டு. ஒரு முதியவரின் முகம் பற்றுச்சீட்டு அன்று.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம், எப்படி வந்து சமைப்பது என்று புலம்பெயர்ந்த உறவுகள் கேட்பார்கள். அவர்களுக்கு எனது பதில் சற்றுக் கசப்பாக இருக்கலாம். நீங்கள் வாழும் நகரத்திலும் தமிழ் முதியோர் இருக்கிறார்கள். ஸ்காபரோவின் மாடிக் குடியிருப்புகளிலும் கிழக்கு இலண்டனின் பின்னறைகளிலும், பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போனபின், மொழி தெரியாத நாட்டில், பனிக்காலம் முழுவதும் சன்னலோரம் அமர்ந்திருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் உங்களுக்கு அடுத்த கதவில் இருக்கிறார்கள். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள இல்லத்துக்குத் தீபாவளிச் சோறு அனுப்புகிறவர், அடுத்த கதவைத் தட்டி ஒரு கோப்பை தேநீர் குடிக்க நேரமில்லை என்றால், அவருடைய தருமம் தூரத்தை விரும்பும் தருமம். தூரத்தில் உள்ளவர் திரும்பிப் பேசமாட்டார். உப்புக் குறைவு என்று சொல்லமாட்டார். அதுவே அதன் வசதி.

இறுதியாக, பராமரிப்பு அரசின் கடமை, நாம் ஏன் என்பார்கள். அரசின் கடமைதான். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது என்கிறது. தம்மைப் பராமரிக்க இயலாத முதியவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோருவதற்கு ஒரு சபையையும் அது அமைத்தது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 2012 குடிசனத் தொகைமதிப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் நாட்டில் 12.4 சதவீதம், இந்த விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. அரசிடம் உரிமையைக் கோருவோம். ஆனால் எந்தச் சட்டமும் ஒருவரோடு அமர்ந்து உண்ணும்படி இன்னொருவருக்குக் கட்டளையிட முடியாது. அது நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

1991இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை முதியோருக்கான கோட்பாடுகளை ஐந்து தலைப்புகளில் ஏற்றுக்கொண்டது: சுதந்திரம், பங்கேற்பு, பராமரிப்பு, சுயநிறைவு, கண்ணியம். உபயச் சோறு இவற்றில் ஒன்றை மட்டும், அதுவும் ஒரு வேளைக்கு, நிறைவேற்றுகிறது. பங்கேற்பையும் கண்ணியத்தையும் அதற்கு விலையாக வாங்கிக்கொள்கிறது.

ஆகவே சனசமூக நிலையங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் கோயில் பரிபாலன சபைகளுக்கும் தேவாலய மன்றங்களுக்கும் நான் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. விருந்துக்கு முன்பு போய், உண்ணப்போகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். தாதியிடம் எது கூடாது என்று கேளுங்கள்.

2. இயன்றவரை அங்கேயே சமையுங்கள். கையைக் கழுவி, தலையைக் கட்டிக்கொண்டு குசினிக்குள் போங்கள். தடிமனோ வயிற்றோட்டமோ உள்ளவர் அன்று வீட்டில் இருக்கட்டும்.

3. வேலை செய்ய விரும்பும் முதியவரைத் தடுக்காதீர்கள். இயலாதவரை வற்புறுத்தாதீர்கள்.

4. அவர்கள் உண்ணும் நேரமே உங்கள் நேரம். பேச்சு, பொன்னாடை, பிரதம விருந்தினர், பதாகை எதுவும் வேண்டாம்.

5. பரிமாறிவிட்டு நிற்காதீர்கள். அதே மேசையில் அதே சோற்றை உண்ணுங்கள். பின்பு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள்.

6. கைத்தொலைபேசிகளை வாகனத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

7. தீபாவளி கிடைக்காவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமையைக் கேளுங்கள். அது எப்போதும் கிடைக்கும்.

இவற்றுள் ஆறாவது கோரிக்கையே பலருக்கு மிகக் கடினமாக இருக்கும் என்பதை அறிவேன். அதுவே ஒரு நல்ல பரீட்சை. படம் எடுக்க முடியாது என்று சொன்ன பிறகும் உங்கள் குழுவில் எத்தனை பேர் அரிவாளோடு வந்து வெங்காயம் வெட்ட அமர்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். யாருக்காக இந்த விருந்து என்ற கேள்விக்கு அந்த எண்ணிக்கை விடை சொல்லும்.